காற்றுப் பைகளும் பதினைந்து கட்டைத் தூரமும்

காலையில் துணி காயப் போடப் போனவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சிக்கு என்கிற சப்போட்டா மரத்தடியில் எங்கள் கார் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

வலது பக்கம் நிமிர்ந்துதான் இருந்தது. இடது பின்பக்கம் மட்டும் இறங்கிப்போய், மட்கார்டின் விளிம்பு டயரை அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு உள்ளே இருந்த ரப்பர் பை கிழிந்து, நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே தொங்கியது. ஈர மண்ணோடு சேர்ந்து பழைய ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி அக்கா பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு எட்டிப் பார்த்து, "காஜா சுடா டுடோக்!" என்றார். யானை உட்கார்ந்துவிட்டதாம்.

அந்தக் காருக்குத் தெருவில் யானை என்றுதான் பெயர். அத்தனை பெரிய அமெரிக்கக் கார் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை.

"அஞ்சல, அங்க என்னா சத்தம்?" உள்ளே இருந்து என் கணவர் குரல்.

"ஒண்ணுமில்லங்க. பூன."

எங்கள் வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன பொய்கள் கொஞ்சம்தான். அது அவற்றில் ஒன்று. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒன்பது நாளில் அந்தக் காரில் அவர் அலோர் காஜாவுக்குப் போயாக வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு நாட்டார்

என் கணவர் வீராசாமி டாக்சி ஓட்டியவர். கூரைத் தகரம் மாற்ற ஏறி, வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் அடிபட்ட கதையை இதே பகுதியில் போன வாரம் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். பிறகு அக்குளிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறைக் கட்டிலில் படுத்தால் படுத்தபடிதான். திரும்பிப் படுக்கக்கூட என் கை வேண்டும்.

மலாயா சுதந்திரம் அடைந்து ஒரு வருடம்கூட முடியாத சமயம் அது. தமிழர்கள் எல்லார் வீட்டிலும் பிரஜாவுரிமைப் பேச்சுதான். நான் புக்கிட் ரம்பாய் பக்கத்தில் பிறந்தவள். பிறந்ததே போதும், நான் இந்த நாட்டுக்காரி. அவரோ சேலத்துப் பக்கம் பிறந்து, மூன்று வயதில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவர். அவர் மனுப் போட வேண்டும், அதிகாரி முன்னால் நேரில் நின்று சத்தியம் செய்ய வேண்டும்.

அவருடைய மனு அலோர் காஜாவில் இருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் வேலை செய்த காலத்தில் போட்டது. முதல் தேதி வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாவது தேதிக்கு டாக்டர் விடவில்லை. மூன்றாவது கடிதத்தில், இதுவே கடைசி அழைப்பு, வராவிட்டால் மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தது.

அந்தக் கடிதத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் படிப்பார். அவர் அழுது நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டாவது தேதி தவறிப்போன அன்று ஒரு முறை.

"முப்பத்தஞ்சு வருஷம் இந்த மண்ணுல நடந்திருக்கேன். நடக்க முடியாத நேரம் பாத்துக் கூப்புடுறாங்க பாரு" என்றார் அன்று.

டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டதில், "படுத்தபடி போகலாம். ஆனால் ஒரு குலுக்கல்கூட ஆகாது. குழியில் விழுந்து தூக்கிப் போட்டால் நான் பொறுப்பில்லை" என்றார். ஆஸ்பத்திரி வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். அங்கே கட்டுப் போடும் டிரெஸர் பாவமாகச் சிரித்தார். "அம்மா, அந்த வண்டி ஆளைக் கட்டிலுக்குக் கொண்டு போகும். சத்தியம் பண்ணக் கொண்டு போகாது."

அதிகாரியை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அரசாங்கத்துக்கு அப்படியெல்லாம் எழுதலாம் என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

இருந்தது யானை ஒன்றுதான். அதன் பின்சீட்டு கட்டில் மாதிரி அகலம். பள்ளம் மேடு தெரியாமல் போகும். இல்லை, அன்று காலை வரை அப்படிப் போய்க்கொண்டிருந்தது.

துரைசாணியின் இடுப்பு வலி

அந்தக் கார் எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அலோர் காஜா தோட்டத்தில் என் கணவர் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் டிரைவர். நான் அதே தோட்டத்தின் ரப்பர் ஆலையில் உருளை மெஷினில் ஷீட் இழுத்துக்கொண்டிருந்தேன். துரையின் மனைவிக்குத் தீராத இடுப்பு வலி. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போய் வந்தால் இரண்டு நாள் படுத்துவிடுவார். துரை எங்கெங்கோ எழுதிப் போட்டு, அமெரிக்காவிலிருந்து இரண்டு ரப்பர் பைகளை வரவழைத்தார்.

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே சுருள் ஸ்பிரிங் இருக்கிறதல்லவா, அதன் உள்ளே நுழைத்து வைக்கிற பை. டயருக்கு அடிக்கிற மாதிரி காற்றடித்தால் உப்பி, ஸ்பிரிங்கோடு சேர்ந்து பாரம் தாங்கும். துரைசாணி வலி மறந்து சந்தைக்கெல்லாம் போக ஆரம்பித்தார். நாடு கைமாறப் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். பழைய கார், வாங்க ஆளில்லை. டிரைவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதை வைத்துத்தான் நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்து டாக்சித் தொழில் தொடங்கினோம். அவர் எனக்கும் கிளேபாங் கடற்கரை ரோட்டில் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். முதல் நாளே ஒரு மீன் கூடையை நசுக்கினேன். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் என்னைத் தவிர பெண் இல்லை. சோதித்த ஐயா காரில் ஏறுமுன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இறங்கும்போது ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆக, ஓட்ட ஆள் இருந்தது. ஓடத்தான் கார் இல்லை.

"வெட்டிப் போட்டுடு"

கிழிந்த துண்டை அறுத்தெடுத்துத் துணியில் சுற்றி, சைக்கிளில் டவுனுக்குப் போனேன். ஆற்றோரமாக இருந்த ஒரு பட்டறையின் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, என் கணவருக்குப் பழக்கம். துண்டை விரலால் இழுத்துப் பார்த்தார். அது காய்ந்த வாழைப்பட்டை மாதிரி கிழிந்தது.

"வயசாயிடுச்சி. இன்னொன்னும் இப்பிடித்தான் இருக்கும்" என்றார் சந்தை மலாயில். "வெட்டிப் போட்டுடு. நான் லாரி ஸ்பிரிங் போட்டுத் தர்றேன். கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு மாதிரி வேணாம் தவுக்கே. வீட்டுக்காரர் முதுகு உடைஞ்சி கிடக்காரு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் கடைக்கு டெலிபோன் போட்டார். ஒரே ஒரு ஜோடி, பல காலமாகப் பரணில் கிடக்கிறதாம். பஸ்ஸில் வர ஐந்தாறு நாள் ஆகும். ஆனால் அவை வரும்போது மாட்டித் தர அவருக்கு இடமிருக்காது, பட்டறைக் குழியின் மேல் ஒரு பஸ் இன்ஜினைப் பிரித்துப் போட இருந்தார்.

"உன் காடி இங்க எப்பிடி வரும்? டயர்ல உக்காந்திருக்கே."

"இங்க வர வேணாம். நானே வீட்டுல மாட்டிக்கிறேன்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. தவுக்கே சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரண்டு ஜாக்கிகளை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"காடிக்கு அடியில மரம் வைக்காம தலய உள்ள விடாத. ஜாக்கிய நம்பாத. என்னய நம்பு."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பைகள் வந்து சேர்ந்தபோது மூன்று நாள்தான் மீதி இருந்தது. அதற்கு மேல் பூனை என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. கஞ்சி ஊட்டும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "கிறுக்கா உனக்கு? அந்த யானை ரெண்டு டன்னு. மேல விழுந்தா உன்னய வழிச்சித்தான் எடுக்கணும்!"

"விழாம பாத்துக்கிறேன்."

"வேணாம் புள்ள. பிரஜாவுரிமை இல்லாட்டி போவுது. நீ இல்லாட்டி எனக்கு என்னா இருக்கு?"

இந்த வார்த்தையை அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. நான் கிண்ணத்தைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கடைசித் தேதிங்க இது. நான் செய்யத்தான் போறேன். உங்களுக்குத் தெரிஞ்சதச் சொன்னா எனக்கு ஒத்தாச. சொல்லாட்டியும் செய்வேன்" என்றேன்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

"முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வையி. அப்புறமா ஜாக்கி" என்றார்.

மறுநாள் வெள்ளென வேலை தொடங்கியது. மீனாச்சி அக்கா கெபாயா மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் பல நூறு வருடம் முன்பே வந்து குடியேறிய மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது உறவுச் சொற்கள்தான். என்னைத் 'தங்காச்சி' என்பார்.

ஜாக்கி போட்டுக் காரின் உடம்பைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கனத்த மரத்துண்டுகளை அடுக்கினோம். மீனாச்சி அக்கா காரின் மேல் முழு பலத்தோடு சாய்ந்து தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. சக்கரங்களைக் கழற்றினேன். அச்சுக்கு அடியில் இரண்டாவது ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஷாக் அப்சார்பரின் போல்ட்டைக் கழற்றி, அச்சை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானே தளரும். இதெல்லாம் ஜன்னல் வழியாக என் கணவர் சொன்னது. அவர் கட்டிலிலிருந்து கார் தெரியாது. காதை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்ப கிரீச்சுனுச்சே, அது என்னா?"

"போல்ட்டு."

"எண்ண ஊத்துனியா?"

"தேங்கா எண்ண."

"அடியே, தலைக்கா ஊத்துற?"

ஆனால் போல்ட் கழன்றது. வலது பக்கம் காலைப் பசியாறுவதற்குள் முடிந்துவிட்டது. புதுப் பையிலிருந்து காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, சுருட்டி, ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே திணித்து, வால்வுக் குழாயைக் கீழ்த் துளையில் கோத்து, ஸ்பிரிங்கைத் திரும்ப உட்கார வைத்தேன்.

இடது பக்கம்தான் சோதித்தது. கிழிந்த பை வெயிலிலும் சூட்டிலும் உருகி ஸ்பிரிங்கோடு ஒட்டிப்போயிருந்தது. மல்லாந்து படுத்து, ரப்பர் பால் வெட்டும் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். கண்ணிலும் வாயிலும் கருப்புத் தூள். ஒருவழியாகப் புதியதை மாட்டி, சைக்கிள் பம்பால் மீனாச்சி அக்கா காற்றடித்தார். பை உப்பியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இஸ்ஸ்ஸ்.

வெள்ளைப் பொடி

சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். பல வருடம் பரணில் மடிந்து கிடந்ததில், மடிப்போரம் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அங்கே குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. இன்னொரு பைக்கு வழியில்லை. நடுவே இருந்தது ஒரே ஒரு நாள்.

மீண்டும் எல்லாவற்றையும் கழற்றினேன். சைக்கிள் கடையில் சூட்டு ஒட்டு வாங்கி வந்து வைத்து, மீனாச்சி அக்காவின் கரி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். ஆறியதும் காற்றடித்தால், ஒட்டு தோசை மாதிரி உரிந்து வந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி உரிந்தது.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மீனாச்சி அக்கா தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். வாங்கும்போது என் விரல்களைப் பார்த்தேன். கருப்புக் கிரீஸின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தேய்த்துப் பார்த்தேன். மாவு மாதிரி வழுவழுவென்று ஒரு பொடி.

எனக்கு ஆலை நினைவு வந்தது. ஷீட்டுகளை அடுக்கிக் கட்டும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைப் பொடி தூவுவோம். கப்பலில் எத்தனை மாதம் கிடந்தாலும் ஒட்டாது. இந்தப் பையிலும் அதே பொடியைத்தான் தூவி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டாமல் இருக்கவென்றே பூசிய பொடியின் மேல் நான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்!

"அக்கா, பெட்ரோல்!" என்று கத்தினேன். அவர் என் சத்தத்தில் பயந்தே போய்விட்டார்.

பெட்ரோலில் துணியை நனைத்து, வெடிப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்தேன். உப்புத்தாளால் கீறினேன். திரும்பத் துடைத்தேன். உதட்டை வைத்துப் பார்த்து ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு, பெட்ரோலைத் தூரக் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, பையை ஒரு பலகையில் விரித்து ஒட்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே ஏற்றி, அதன் மேல் அம்மிக் குழவியைக் கிடத்தினேன். ஆறும் வரை தொடவில்லை. ஆலையில் ஏழு வருடம் கித்தாவோடு, அதாவது ரப்பரோடு, பழகியவள் நான். அவசரப்பட்டால் கித்தா கோபித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் காற்றடித்தோம். நுரை தடவினேன். ஒரு குமிழ் இல்லை. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். ஒரு குமிழ் இல்லை.

"என்னா ஆச்சி? செத்துட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றது ஜன்னல்.

"புடிச்சிக்கிச்சிங்க!" என்றேன்.

மறுநாள் காலையில் இடது பக்கத்தையும் மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினேன். யானை நான்கு காலிலும் சமமாக நின்றது. மீனாச்சி அக்காவைப் பின்சீட்டில் மல்லாந்து படுக்கச் சொல்லி, காஜா பேராங்கில் குண்டும் குழியுமான சந்துகளாகப் பார்த்து ஒரு சுற்று ஓட்டினேன். நடுவில் அவரிடமிருந்து சத்தமே இல்லை. நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி கிடந்தார்.

"மாச்சாம் புவாய், தங்காச்சி" என்றார். தொட்டில் மாதிரி இருக்கிறதாம். "இன்னொரு சுத்து போ."

போனேன்.

நெஞ்சின் மேல் முத்திரை

அடுத்த நாள், தெருவிலிருந்த நாலு ஆண்கள் கதவுப் பலகையில் அவரைப் படுக்க வைத்துக் கொண்டு வந்து பின்சீட்டில் நகர்த்தினார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாவுக்கட்டின் மேல் பொத்தான் போட முடியாமல் திறந்தே கிடந்தது. மீனாச்சி அக்கா அவர் தலைமாட்டில் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மைலை நாங்கள் கட்டை என்போம். அலோர் காஜாவுக்குப் பதினைந்து கட்டை. மாட்டு வண்டிகூட என்னை முந்தியிருக்கும், அவ்வளவு மெதுவாகப் போனேன். முதல் மூன்று கட்டை வரை அவர் ஓயவில்லை. கிளட்சை மெதுவா விடு, லாரிக்கு ஒதுங்கு, கியரை மாத்து. பிறகு பேச்சு நின்றது. ஒரு மரப்பாலத்தில் ஏறி இறங்கியபோதும் சத்தமில்லை.

"அக்கா, அவர் எப்படி இருக்கார்?"

"தூங்குகிறார்" என்றார் மீனாச்சி அக்கா.

விழுந்த நாளிலிருந்து வலியில் தூங்காத மனிதர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோடு மங்கலாகத் தெரிய, அழுதுகொண்டே ஓட்டினேன்.

அலுவலகத்துக்கு ஐந்து படிகள். நான் மட்டும் ஏறிப் போய்க் கடிதத்தைக் காட்டி, ஆள் காரில் இருக்கிறார், எழ முடியாது என்றேன். சொங்கோக் என்கிற கருப்புத் தொப்பி அணிந்த நடுத்தர வயது மலாய் அதிகாரி ஜன்னல் வழியாகக் காரை எட்டிப் பார்த்தார். பிறகு காகிதங்களையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பின்னால் வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

என் கணவர் படுத்தபடியே வலது கையைத் தூக்கி, அதிகாரி சொல்லச் சொல்லச் சத்தியத்தைத் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் அதிகாரி பேச்சுவாக்கில் மலாயில் கேட்டார்.

"இந்த முதுகோடு மலாக்காவிலிருந்தா வந்தீர்கள்? யார் ஓட்டியது?"

"இஸ்திரி சாயா" என்றார் என் கணவர். என் மனைவி.

"நல்ல கார். குலுங்கவில்லையா?"

"பின்னால் காற்றுப் பை கிழிந்துவிட்டது. புதிதாக மாற்றினோம்."

"எந்தப் பட்டறையில்?"

"பட்டறை இல்லை. வீட்டில். மாற்றியதும் என் மனைவிதான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகவே இல்லை, நான் கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் காரின் பின்பக்கத்தைக் கையால் ஓர் அழுத்து அழுத்தினார். அது மெதுவாக இறங்கி, மெதுவாக எழுந்தது. "ஹெபாட்" என்றார். அபாரம் என்று அர்த்தம்.

முத்திரை குத்தத் தாளை எங்கே வைப்பது என்று தேடினார். சீட்டு மெத்தென்று இருந்தது. என் கணவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். மாவுக்கட்டு மேசை மாதிரி கெட்டி. அதிகாரி சிரித்துக்கொண்டே தாளை அவர் நெஞ்சின் மேல் விரித்து, கையெழுத்து வாங்கி, முத்திரையை ஓங்கி வைத்தார்.

டொக்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

"வலிச்சிச்சாங்க?" என்றேன்.

"இல்ல புள்ள. உள்ளார வரைக்கும் கேட்டிச்சி" என்றவர், கண்ணோரம் வழிய, "இன்னொரு தடவ குத்தச் சொல்லு" என்றார்.

அதிகாரி என்னவென்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன். அவர் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு குனிந்து, மாவுக்கட்டின் மேலேயே, மெதுவாக, இன்னொரு முத்திரை வைத்தார்.